ஓஸ்பிசியோ என்ற சொல்

சான் அன்டோனியோ, டெக்சஸ்
12 ஜனவரி 1994

அன்புள்ள அண்ணன் நிகனோருக்கு,

நீங்களும் சோய்லா அண்ணியும் பிள்ளைகளும் கடவுள் புண்ணியத்தில் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம். அப்பாவும் சுகம் என்று இந்த முறை எழுத முடியவில்லை.

புற்று எலும்புக்குள் இறங்கிவிட்டது. இனி ஆஸ்பத்திரிக்கு அழைத்து வரவேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று மாதம், மிஞ்சினால் நான்கு. நீங்கள் பதற வேண்டாம். நான் வேலை பார்க்கும் அலுவலகமே இப்படிப்பட்டவர்களுக்காக நடப்பதுதான். நர்ஸ் வீட்டுக்கே வருவாள். வலி தெரியாமல் இருக்க மார்ஃபின் கொடுப்பாள். கடைசிவரை அவர் தன் கட்டிலிலேயே இருக்கலாம். இதை இங்கே ஹாஸ்பிஸ் என்கிறார்கள்.

அப்பாவிடம் இதை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஸ்பானிஷில் அச்சடித்த எங்கள் அலுவலகக் கையேட்டைக் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்து, "படிச்சீங்களாப்பா?" என்றேன்.

"படிச்சேன். எப்போ?" என்றார்.

"வர்ற திங்கக்கிழமைலேர்ந்து."

"சரிம்மா." அவ்வளவுதான் பேச்சு. இன்று காலையில் அவராகவே தன் காலணிகளுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். மனது தேறிவிட்டார் என்று நினைக்கிறேன்.

அண்ணிக்கு என் அன்பு.

உங்கள் தங்கை,
எல்விரா

*

ஹெரெஸ், சகாடெகாஸ்
20 ஜனவரி 1994

அன்புத் தங்கை எல்விராவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். என் தந்தி கிடைத்திருக்கும். அப்பா இங்கே வந்து சேர்ந்துவிட்டார். எப்படி வந்தார் என்பதைத் தந்தியில் சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சகாடெகாஸ் பஸ் நிலையத்தில் நான் ஓட்டும் மூன்று மணி பஸ்ஸை எடுக்கத் தயாராக இருந்தேன். தொப்பி வைத்த ஒரு கிழவர் அட்டைப் பெட்டியோடு ஏறி, "ஹெரெஸுக்கு எவ்வளவுப்பா?" என்று கேட்டார். தலை நிமிராமல் விலையைச் சொன்னேன். சில்லறையை நீட்டிய கையில் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது. அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். "என்ன முழிக்கிற, வண்டிய எடு. ஜனங்க காத்திருக்காங்க" என்றார். வழி முழுவதும் எனக்குப் பின்னாலேயே உட்கார்ந்து வந்தார். கண்ணாடியில் அவரைப் பார்த்துப் பார்த்து ஓட்டியதில் இரண்டு நிறுத்தங்களை விட்டுவிட்டேன். பின்னாலிருந்து ஒரே வசவு.

ஏன் சொல்லாமல் வந்தார் என்று கேட்டால், "அவளுக்கு வேலை இருக்கு, பாவம். தொந்தரவா இருக்க வேணாம்னு பாத்தேன்" என்கிறார். உன்னைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. உனக்கும் அவருக்கும் என்ன நடந்தது?

அண்ணன்,
நிகனோர்

*

சான் அன்டோனியோ
30 ஜனவரி 1994

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் நலமாக இருக்கக் கடவுள் துணை. உங்கள் தந்தி வரும்வரை இரண்டு நாள் ஆஸ்பத்திரிகளையும் போலீஸ் நிலையத்தையும் சுற்றினேன். "நிகனோர் வீட்டுக்கு" என்று மேசையில் அவர் வைத்துவிட்டுப் போன சீட்டு, அடுப்புக்குப் பின்னால் விழுந்து கிடந்தது.

நான் அவரை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அண்ணா. சத்தியம். இருந்த மாத்திரைகளை இதோடு அனுப்புகிறேன். இவை பத்து நாளைக்குக்கூடப் போதாது. போதும் என்றாலும் வலி கூடியதும் இவை கேட்காது. அங்கே மார்ஃபின் கிடைப்பது கஷ்டம் என்று சொல்கிறார்கள். எப்படியாவது அவரைத் திருப்பி அனுப்புங்கள். எல்லை வரைக்கும் நீங்கள் அழைத்து வந்தால் அங்கிருந்து நான் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் முத்தங்கள்.

எல்விரா

*

ஹெரெஸ்
11 பிப்ரவரி 1994

தங்கை எல்விராவுக்கு,

நாங்கள் சுகம். அப்பா இரவில் பல்லைக் கடிக்கும் சத்தம் பக்கத்து அறையில் கேட்கிறது.

அவர் சட்டையைத் துவைக்க எடுத்த சோய்லா, பையில் மடித்து வைத்திருந்த ஒரு கையேட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். அட்டையில் கொட்டை எழுத்தில் 'ஓஸ்பிசியோ' என்று போட்டிருக்கிறது. உள்ளே, "உங்கள் அன்புக்குரியவரை எங்கள் ஓஸ்பிசியோவிடம் நம்பி ஒப்படையுங்கள்" என்று ஒரு வரி. அதன் கீழே பென்சிலால் கோடு. கோடு போட்டது அப்பா.

அதை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன். அதை வாங்கி மடித்துக்கொண்டே சொன்னார். குவாதலஹாராவில் மாமா வீட்டில் வளர்ந்தேன், மாமா ரொட்டிக்கடை வைத்திருந்தார் என்று நமக்கெல்லாம் சொன்னாரே, அப்படி ஒரு மாமாவே கிடையாது, எல்விரா. ரொட்டிக்கடையும் கிடையாது. உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் தாத்தாவைச் சுட்டுவிட்டார்கள். பாட்டி இவரை அநாதைப் பிள்ளைகளை விடும் ஓஸ்பிசியோவில் கொண்டுபோய் விட்டிருக்கிறாள். அப்போது இவருக்கு ஆறு வயது.

"காலணிக்கு பாலிஷ் போட்டுக் கூட்டிட்டுப் போனா. ஞாயித்துக்கிழமை வரேன்னு சொன்னா. நான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் காலைலயே சட்டை மாத்திக்கிட்டு வாசல் பெஞ்சுல உக்காந்துடுவேன். பதினோரு வயசுல ஒரு கன்னியாஸ்திரீ வந்து, இனிமே உக்காராத, பெஞ்சு வேற பசங்களுக்கு வேணும்னா" என்றார். "உங்க அம்மாகிட்டகூட இத சொன்னதில்ல. அவ செத்துப் போற வரைக்கும் சொல்லல. அசிங்கமா இருந்துச்சு."

நீ திங்கட்கிழமை என்றதும், அன்றைக்கு நீ அவரை அப்படி ஓர் இடத்தில் கொண்டுபோய் விடப் போகிறாய் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் என்னிடம் வந்துவிட்டார்.

இந்தப் புத்தகத்தை எழுதின கழுதை யார்? உங்கள் அலுவலகத்துப் பெயர்தானே பின்னால் இருக்கிறது?

நிகனோர்

*

சான் அன்டோனியோ
24 பிப்ரவரி 1994

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோருக்கும் நலம் வேண்டுகிறேன். இங்கே குளிர் விட்டுவிட்டது.

உங்கள் கடிதத்தை வேலை இடத்தில் படித்தேன். பிறகு கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எனக்கு எதுவும் தெரியாது, அண்ணா. ரொட்டிக்கடை மாமாவைத்தான் எனக்கும் தெரியும்.

அப்பாவிடம் சொல்லுங்கள்: ஹாஸ்பிஸ் என்பது அநாதை விடுதி இல்லை, ஏழைகளைக் கொண்டுபோய்த் தள்ளும் இடமும் இல்லை. அது ஒரு கட்டடமே இல்லை. ஒரு நர்ஸ், ஒரு மருந்துப் பெட்டி, அவருடைய சொந்தக் கட்டில். அவ்வளவுதான். மொழிபெயர்த்தபோது வார்த்தை தவறிவிட்டது. அந்தக் கையேடுகள் மயாமியிலிருந்து மொத்தமாக அச்சடித்து வருகின்றன. யார் எழுதினார்கள் என்று இங்கே யாருக்கும் தெரியாது.

அவரை அனுப்பிவையுங்கள்.

எல்விரா

*

ஹெரெஸ்
5 மார்ச் 1994

தங்கைக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ எழுதியதை அப்பாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அவ நல்ல மனசுக்காரி. எனக்கு மனசு நோகக் கூடாதுன்னு இப்படி எழுதறா. அச்சடிச்ச புஸ்தகத்துல ஒண்ணு போட்டிருக்கு, இவ வேற ஒண்ணு சொல்றா. அச்சடிக்கறவங்க படிச்சவங்க, தெரியாமலா போடுவாங்க?" என்றார்.

மயாமிக்காரனை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இங்கே டாக்டர் தருவது தலைவலிக்கு மேல் எதற்கும் கேட்காத மாத்திரை. நேற்றுக் கஞ்சிக் கிண்ணத்தைப் பிடிக்க முடியாமல் போட்டு உடைத்துவிட்டார். சோய்லாவிடம் மன்னிப்புக் கேட்டார். மருமகளிடம்! நான் சொன்னால் அவர் நம்பமாட்டார். நீ வந்து சொல். பதினாறு மணி நேரப் பஸ், நிலா தூரமா என்ன?

நிகனோர்

*

ஹெரெஸ்
21 மார்ச் 1994

எல்விரா,

இரண்டு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தொலைபேசிக் கடைக்குப் போய் மூன்று முறை கூப்பிட்டேன். மூன்றாவது முறை நீ எடுத்தாய். நான் "அலோ" என்றதும் வைத்துவிட்டாய். உன் மூச்சுச் சத்தம் எனக்குத் தெரியாதா?

உனக்கு என்னம்மா ஆச்சு?

அண்ணன்

*

சான் அன்டோனியோ
27 மார்ச் 1994

அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைப் படித்த பிறகும் எனக்காக அதே வேண்டுதலைச் செய்வீர்களா, தெரியவில்லை.

மயாமி என்று எழுதியது பொய். நீங்கள் கேட்ட கழுதை நான்தான்.

அந்தக் கையேட்டை மொழிபெயர்க்க எனக்கு மூன்று வாரம் கொடுத்தார்கள். உள்பக்கங்கள் எல்லாம் நான்கு நாளில் முடிந்தன. அட்டையில் போட வேண்டிய அந்த ஒரு சொல்தான் நகரவில்லை. ஓஸ்பெதாஹே என்று எழுதிப் பார்த்தேன், வழிப்போக்கர் தங்கும் விடுதி மாதிரி இருந்தது. அசிலோ என்று எழுதினேன், அது முதியோர் இல்லம். வலி தணிக்கும் சிகிச்சைக்கு டாக்டர்கள் சொல்லும் பெயர் ஒன்று உண்டு, நீளமானது. அதைப் படித்தால் நம் சனத்துக்குப் பாதி புரியாது. அகராதியைத் திறந்தால் முதலில் ஓஸ்பிசியோ என்று போட்டிருந்தது. ஆங்கிலத்துக்கு அருகிலேயே இருந்தது. எங்கள் மேலதிகாரி அம்மாளுக்கு ஸ்பானிஷ் ஒரு சொல் தெரியாது. காகிதத்தைப் பார்த்து, "அட, இது எனக்கே புரியுதே!" என்று கைதட்டினாள். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது.

ஹெரெஸில் பத்தொன்பது வயதுவரை வளர்ந்தவளுக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும், அண்ணா. புது இடத்தில் புதுப் பொருள் வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதத்தான் மூன்று வாரமாகக் காகிதத்தை எடுத்து எடுத்து வைத்தேன். எங்கள் அலுவலகத்தில் தரை துடைக்கிற கிரெசென்சியா என்று ஒரு அம்மாள், சான் லூயிஸ் பொட்டோசிக்காரி. அச்சுக்குப் போகும் முன் என் மேசையில் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு, "அம்மணி, இந்த வார்த்தை வேணாம். எங்க பக்கம் இதக் கேட்டாலே புள்ளைங்க அழும்" என்றாள். பக்கத்து மேசையில் இரண்டு பேர் இருந்தார்கள். நான் சொன்னேன்: "உங்ககிட்ட துடைப்பம் இருக்கு, என்கிட்ட அகராதி இருக்கு. அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாப்போம்."

அவர்கள் சிரித்தார்கள். அவள் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

போனில் உங்கள் குரலைக் கேட்டதும் வைத்தது இதனால்தான்.

எல்விரா

*

ஹெரெஸ்
2 ஏப்ரல் 1994

எல்விராவுக்கு,

புனித வாரம். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. கடைசி நடையை முடித்துவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் கடிதத்தை அப்பாவிடம் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன். இதை நான் படித்துச் சொல்லி அவர் கேட்பது நியாயமில்லை. உன் வாயால் சொல். திட்ட வேண்டியதை எல்லாம் வழியில் திட்டி முடித்துவிட்டேன், பயணிகளுக்கு நல்ல பொழுதுபோக்கு. வீட்டுக்கு வந்தால் உனக்குச் சாப்பாடு உண்டு.

சீக்கிரம் வா. நேற்று அப்பாவால் எழுந்து நிற்க முடியவில்லை.

நிகனோர்

*

ஹெரெஸ்
26 ஏப்ரல் 1994

அன்புத் தங்கைக்கு,

நீயும் அப்பாவும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்ற செய்தி கிடைத்தது. ஆம்புலன்ஸ் வண்டிக்காரன் எல்லையில் பணம் அதிகம் கேட்டானா? வலி எப்படி இருக்கிறது? மருந்து கேட்கிறதா?

ஒன்று கேட்க வேண்டும் என்றிருந்தேன். நீ வந்த அன்று நான் வண்டிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் அப்பா தொப்பியை வைத்துக்கொண்டு, "இவளோட போறேன்" என்று கட்டிலில் தயாராக உட்கார்ந்திருக்கிறார். உன் கண் வீங்கியிருந்தது. சோய்லா கதவுக்கு வெளியே நின்றும் ஒன்றும் கேட்கவில்லையாம். அந்த அறையில் என்ன பேசினீர்கள்? சொல்லப் பிடிக்கவில்லை என்றால் விடு.

அப்பாவுக்கு என் முத்தம்.

நிகனோர்

*

சான் அன்டோனியோ
23 மே 1994

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்களுக்கும் அண்ணிக்கும் கடவுள் ஆறுதல் தர வேண்டும். விசா கிடைக்காமல் நீங்கள் எல்லைச் சாவடியில் இரண்டு நாள் நின்றதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்பாவை நேற்று இங்கே அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம்.

அவர் போனது காலை ஒன்பது மணிக்கு. ஜன்னல் திறந்திருந்தது. நர்ஸ் அவருக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தாள். பாதி முகம் முடிந்திருந்தது. மீதிப் பாதியை நான் மழித்தேன்.

அந்த அறையில் பேசியதைக் கேட்டிருந்தீர்கள். நான் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து, "அப்பா, அந்தப் புத்தகத்தை எழுதினது நான்தான். அந்த வார்த்தையப் போட்டது நான்தான்" என்றேன். கிரெசென்சியாவிடம் சொன்னதையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அப்போ நீ என்னை எங்கயும் விடப் போகல" என்றார்.

"இல்லப்பா."

"நீ அப்படிச் செய்வேன்னு நான் நெனச்சுட்டேனேம்மா. என் கையால சோறு ஊட்டி வளத்த புள்ளைய. எனக்குத்தான் வெக்கமா இருக்கு. மன்னிச்சுடு."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார், அண்ணா. அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

தொப்பியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்ட பிறகு, "அந்தப் புத்தகத்தை வேற எத்தன பேரு படிச்சாங்க?" என்றார். தெரியாது என்றேன். "தெரிஞ்சுக்க" என்றார். பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

எல்விரா

*

சான் அன்டோனியோ
16 ஜூலை 1994

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் அனைவரும் சுகம் என்று அறிந்து சந்தோஷம். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை.

கையேட்டை நிறுத்தச் சொல்லி மேலதிகாரியிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை, புரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருக்கலாம். மீதிக் கட்டுகளைக் குப்பைக்கு நானே தூக்கிக்கொண்டு போனேன்.

கிரெசென்சியாவிடம், அன்றைக்குச் சிரித்த அதே இரண்டு பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க அம்மணி, எனக்குத் தரை காயணும், தள்ளி நில்லுங்க" என்றாள். அந்தச் சொல்லுக்குப் பதில் என்ன போடலாம் என்று கேட்டேன். துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு யோசித்தாள். "நோயாளிய அவங்க வீட்டுலயே வலி தெரியாம பாத்துக்கறோம்னு எழுதுங்க. ஏன், எடம் பத்தாதா?" என்றாள். போதுமாகத்தான் இருந்தது, அண்ணா. எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினேன், அவ்வளவுதான்.

அப்பா கேட்டதையும் தெரிந்துகொண்டேன். அந்தக் கையேட்டைப் படித்துவிட்டு எங்களை வேண்டாம் என்று சொன்ன ஸ்பானிஷ் வீடுகள் பத்தொன்பது. அதில் சிலர் வேறு காரணத்துக்காக மறுத்திருக்கலாம். யார் எதற்கு மறுத்தார்கள் என்று எந்தப் படிவத்திலும் இல்லை. அந்த வீடுகளுக்குப் போய் உண்மையைச் சொல்ல கிரெசென்சியாவை என்னோடு வரும்படி கேட்டேன். "அது உங்க வேலை" என்றாள்.

இன்று முதல் வீட்டுக்குப் போனேன். டோன்யா எர்மிலா என்று ஒரு அம்மாள். கணவர் வெல்டிங் வேலை செய்தவர், போன வருடம் இறந்தார். உட்காரச் சொல்லிச் சர்பத் கொடுத்தாள். நான் சொல்லச் சொல்ல, அவள் என் கையிலிருந்த கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன்ல நான் கத்தினேன்" என்றாள். "என் புருஷன நான் எங்கயும் கொண்டுபோய்த் தள்ளமாட்டேன், இனிமே கூப்பிடாதீங்கன்னேன். எடுத்தது ஒரு பொம்பள. சரிங்கன்னு வச்சுட்டா."

அந்தப் போனை எடுத்தது நான்தான். மறுப்பு என்று படிவத்தில் எழுதியதும் என் கைதான். அதையும் சொன்னேன்.

அவள் தலையைப் பின்பக்கம் திருப்பினாள். பின்பக்க அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே படுக்கை இல்லாத கட்டில் ஒன்று தெரிந்தது.

"உங்க அப்பாவுக்கு அந்த மருந்து கெடச்சுதா?"

"கெடச்சுது."

"தூங்கினாரா?"

"கடைசி நாலு வாரமும் நல்லா தூங்கினாரு."

"எங்க வீட்டுக்காரரு நாப்பது நாள் தூங்கல" என்றாள். எழுந்து வந்து என் கையிலிருந்த கோப்பையை வாங்கிக்கொண்டாள். அதில் பாதி சர்பத் இருந்தது. வாசல்வரை வந்தாள். போயிட்டு வாங்க என்று சொல்லவில்லை. "போங்க" என்றாள்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் இரண்டு வண்டிகளை விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தேன். அவள் மன்னிப்பாள் என்று நான் போகவில்லை, அண்ணா. ஆனால் போகும்போது உள்ளுக்குள் எங்கோ அந்த ஆசை இருந்திருக்கிறது. அது இருந்தது என்பது "போங்க" என்ற அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நாளை ஞாயிறு, எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். இரண்டாவது வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். காலையிலேயே கிளம்ப வேண்டும்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
எல்விரா